காத்திருப்போர் பட்டியலாவது வேண்டும்

விதை, உரம், நீர், கடன் ஆகிய நான்கைப் பற்றியே இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இந்த வாரம் கம்பியைப் பற்றி எழுதப் போகிறேன். வேலிக் கம்பி அல்ல. வீட்டுக்கு இணையம் கொண்டு வரும் கம்பி. இதற்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் உழவர் பெருமக்கள், முதலில் ஒரு மக்காச்சோளக் காட்டில் நடந்ததைக் கேட்க வேண்டுகிறேன்.

உடுமலைப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்திருந்தார். பயிருக்கு இருபது நாள் ஆகியிருந்தது. ஒரு நாள் மாலை குருத்தில் ஓட்டைகளும் மரத்தூள் போன்ற எச்சமும் கண்டு, கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். இது படைப்புழுவா, தண்டுத் துளைப்பானா என்பது அவர் கேள்வி. 2018-ல் நம் மாநிலத்துக்குள் நுழைந்த படைப்புழுவை அடையாளம் காண்பது அப்படி ஒன்றும் கடினம் அல்ல. தலையில், தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போன்ற வெளிறிய கோடு இருக்கும். வயிற்றுப் பகுதியின் எட்டாவது கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். ஆனால் இளம்புழு அரை அங்குலம்கூட இராது. படம் தெளிவாக இருந்தால்தான் இவை கண்ணுக்குத் தெரியும். எனக்கு வந்த படத்தில் புழு வெறும் பழுப்புக் கறையாக இருந்தது. படத்தைச் சுருக்கி அனுப்புவது வாட்ஸ்அப்பின் வழக்கம். சுருக்கியதில் கோடும் போயிற்று, புள்ளியும் போயிற்று.

"சுருக்காமல் முழுப்படமாக அனுப்புங்கள். முடிந்தால் ஒரு நிமிடம் வீடியோவும் எடுத்து அனுப்புங்கள்" என்றேன். அவர் வீட்டில் பழைய தாமிரக் கம்பி இணைப்பு இருக்கிறது. தோட்டத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை ஒரு கோடு தெரிந்தால் உண்டு. இரவு முழுவதும் முயன்றிருக்கிறார். பாதி போய் நின்றுவிடுமாம். மறுநாள் மருந்துக் கடையில் சொன்னதை வாங்கி அடித்தார். நான்காம் நாள் சந்தைக்குப் போனபோது டவுனில் இருந்து அனுப்பிய படம் எனக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது. படைப்புழுதான். அதற்குள் புழு மூன்றாம் பருவத்தைத் தாண்டியிருந்தது. தாண்டிவிட்டால் அது குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொள்ளும். மேலே அடிக்கும் மருந்து உள்ளே சேராது. அந்த மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கருக்கு மேல் தேறவில்லை.

அவரும் தாமதிக்கவில்லை, நானும் தாமதிக்கவில்லை. படம் போய்ச் சேரத்தான் நான்கு நாள் ஆயிற்று.

இணைய இணைப்பு என்றால் சினிமா பார்ப்பதற்கு என்று நினைப்போர் இன்னும் நம்மிடையே உள்ளனர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு இணையத்தில்தான். பிரதமர் கிசான் தொகைக்கான அடையாளச் சரிபார்ப்பு, பட்டா, சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியப் பதிவு ஆகியவையும் அப்படியே. 2018-ல் வந்த உழவன் செயலியும் 2016-ல் வந்த மின்னணு தேசிய வேளாண் சந்தையும் இணையம் இல்லாமல் இயங்கா. இவற்றை இணையத்துக்கு மாற்றியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு அடங்கலுக்காக மூன்று நாள் அலைந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் சேவையை இணையத்துக்கு மாற்றிய வேகத்தில், இணையத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு போகவில்லை. நாளின் பாதியை இழந்து இ-சேவை மையத்துக்குப் போகும் விவசாயிதான் அந்த இடைவெளியின் விலையைக் கொடுக்கிறார்.

இனி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பலருக்கும் இதே அனுபவம் இருக்கும் என்பதாலேயே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத் தோட்டத்து வீடு ஊரிலிருந்து தள்ளி, ஒரு இட்டேரியின் கடைசியில் இருக்கிறது. கொங்குப் பகுதியில் குடியிருப்பு முறையே அப்படித்தான். தஞ்சைப் பக்கம் போல வீடுகள் தெருவாகச் சேர்ந்து இரா. கிணற்றுக்கு ஒரு வீடு, தோட்டத்துக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடக்கும். எங்கள் வீட்டுக்குத் தாமிரக் கம்பி வழியே இணையம் இருந்தது. வேகம் போதவில்லை என்று கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாற்றித் தரும்படி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். மாதக் கட்டணம் கூடியது. வேகம் அப்படியே இருந்தது!

காரணம் எளிது. தாமிரக் கம்பியில் சமிக்ஞை தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். தொலைபேசி நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்கு நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் தரக்கூடிய அதே கருவி, நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஒன்று இரண்டு மெகாபிட் தந்தாலே பெரிது. நடுவில் துருப்பிடித்த பெட்டி, மழை ஈரம் ஏறிய இணைப்பு என்று ஏதாவது இருந்தால் அதுவும் குறையும். மண்ணியல் படித்தவர்களுக்கு லீபிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் விதி தெரிந்திருக்கும். எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயன் இல்லை. துத்தநாகம் குறைந்த வயலில் யூரியாவை இரட்டிப்பதைப் போன்றதுதான் எனக்குக் கிடைத்த வேக உயர்வு. யூரியா விற்றவருக்கு மட்டும் லாபம்.

இன்னொன்றும் உண்டு. விளம்பரத்தில் சொல்லும் வேகம் நமக்கு வரும் வேகம். நாம் அனுப்பும் வேகம் வேறு. பழைய தாமிர இணைப்பில் அனுப்பும் வேகம், எல்லாம் நன்றாக இருந்தாலும், ஒரு மெகாபிட்டைச் சுற்றித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 60 மெகாபைட் அளவுள்ள வீடியோவை நொடிக்கு 0.3 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், எங்கும் அறுந்துபோகாமல் இருந்தால்கூட 26 நிமிடத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அது 48 விநாடி. நகரத்தில் இருப்பவர் பெரும்பாலும் பார்ப்பவர், கேட்பவர். அவருக்கு வரும் வேகம் போதும். நோயுற்ற இலையையும், கழியும் கன்றையும் காட்டி யோசனை கேட்க வேண்டிய விவசாயிக்கு அனுப்பும் வேகமே முக்கியம். தொலைத்தொடர்புக் கொள்கையில் அகண்ட அலைவரிசை என்பதற்கு 2004-ல் நொடிக்கு 256 கிலோபிட் என்றும், 2013-ல் 512 கிலோபிட் என்றும், 2023-ல் 2 மெகாபிட் என்றும் குறைந்தபட்சம் வகுத்தார்கள். இவை எல்லாம் வரும் வேகத்தைப் பற்றியவையே. அனுப்பும் வேகத்துக்கும் ஒரு குறைந்தபட்சம் வகுத்தால் விவசாயிக்கு உதவும்.

கண்ணாடி இழையில் இந்தத் தொல்லை இல்லை. ஒளியாகப் போவதால், 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் முதல் வீட்டுக்குக் கிடைக்கும் வேகமே கிடைக்கும். அனுப்பும் வேகமும் குறையாது. ஆகவே கண்ணாடி இழைக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்தேன். இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டவுடன் 'உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்று வந்தது. ஒரு அஞ்சல் எண்ணுக்குள் எத்தனை ஊர், எத்தனை காட்டுக் குடியிருப்பு என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. பத்து நாளில் ஒரு இளைஞர் அளவெடுக்க வந்தார். நல்ல பையன். இட்டேரி முழுவதும் நடந்து பார்த்தார்.

"சார், பெட்டி ஊருக்குள்ள மாரியம்மன் கோயில்கிட்ட இருக்குதுங்க. இங்க வர ஒண்ணரைக் கிலோமீட்டர் ஆகும். ஒரு வீட்டுக்காக அவ்வளவு கேபிள் இழுக்க ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

"எத்தனை வீடு இருந்தால் ஒத்துக்கொள்வார்கள்?" என்று கேட்டேன்.

"பத்து வீடாவது வேணுங்க."

இட்டேரி நெடுகப் பதினோரு வீடு இருப்பதை அவருக்குச் சொன்னேன். அது அவர் எழுத வேண்டிய படிவத்தில் இல்லை. 'வசதி இல்லை' என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே 'உங்கள் விண்ணப்பம் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவர், அதைப் படிக்கக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, முடிக்கப்பட்டதுன்னா வேலை முடிஞ்சதுன்னுங்களா?" என்றார். இல்லை, விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் என் கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இணைப்பு உடனே கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் கோபம் இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் கேபிள் செலவு பிடிக்கும். அதை நான் அறிவேன். ஆனால் நான் கேட்டேன் என்பதற்கே எங்கும் பதிவு இல்லாமல் போனதே, அதுதான் பெரிய அநியாயம்.

விவசாய மின் இணைப்புக்கு நம் மாநிலத்தில் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இப்போதும் காத்திருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் கொடுத்த நாளில் அவர்களுக்கு ஒரு பதிவு எண் கிடைத்தது. பதிவு மூப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2021-ல் ஒரு லட்சம் விவசாய மின் இணைப்பு என்று மாநில அரசு அறிவித்தபோது, யாருக்கு முதலில் கொடுப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பட்டியல் கையில் இருந்தது. எத்தனை பேர் எத்தனை ஆண்டாகக் காத்திருக்கிறார்கள் என்பதைச் சட்டமன்றத்தில் கேட்கவும் முடிந்தது. அந்த எண்ணிக்கைதான் அரசை அசைத்தது. தொலைபேசிக்குக்கூட அந்தக் காலத்தில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பணம் கட்டிப் பதிந்துவிட்டுப் பல ஆண்டு காத்திருந்த மூத்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அந்தப் பட்டியலை நாம் எவ்வளவு ஏசினோம்! இன்று நமக்கு அதுகூட இல்லை. நிறுவனம் 'வசதி இல்லை' என்று குறியிட்டவுடன் நாம் கேட்டதே மறைந்துவிடுகிறது. பின்னர் 'கிராமங்களில் தேவை இல்லை, கேட்பார் இல்லை' என்று கூட்டங்களில் பேசுவார்கள். நானே அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அரசின் திட்டமே இப்போது கேட்பவர் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு 2011-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்னர் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தை நடத்துவதற்கென்று மாநில அரசு 2018-ல் தனி நிறுவனம் அமைத்து, 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை எடுத்துக்கொண்டது. பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே மேலேயே இழுக்கப்பட்டது. 'இந்தக் கம்பியில் தாமிரம் இல்லை, திருடிப் பயன் இல்லை' என்று மாவட்ட ஆட்சியர்கள் அறிக்கை விட்டதை இந்தப் பத்திரிகையிலேயே படித்திருப்பீர்கள். ஊராட்சிக் கட்டிடம் வரை இழையைக் கொண்டு வருவது ஒரு வேலை. அங்கிருந்து வீட்டுக்கு வருவது வேறு வேலை. மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தாயிற்று என்ற செய்தி கடைமடைக்காரனின் வயலை நனைக்காது.

2023 ஆகஸ்டில் இத்திட்டத்தைத் திருத்தி, 1,39,579 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் ஐந்தாண்டில் ஒன்றரைக் கோடி கிராம வீடுகளுக்கு இணைப்பு என்று குறிக்கோள் வைத்திருக்கிறார்கள். ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் சிற்றூர்களுக்கு 'தேவையின் அடிப்படையில்' இழை தரப்படும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். தேவை என்று எதை வைத்துச் சொல்வார்கள்? யார் கேட்டார்கள் என்ற ஏடு எங்கே இருக்கிறது? ஏடு இல்லாத இடத்தில், அதிகாரியைத் தெரிந்தவரின் ஊருக்குத்தான் தேவை இருக்கும்.

இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதையும் உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பகுதி, கிராமச் சேவைக்கென்று ஒரு நிதிக்குப் போகிறது. கணக்கிடத்தக்க வருவாயில் 5 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அது டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாறியிருக்கிறது. நீங்கள் கைப்பேசிக்குப் போடும் ரீசார்ஜ் பணத்திலிருந்தும் அதில் ஒரு பங்கு சேர்கிறது. ஆகவே இணைப்பைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, சந்தாதாரர் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்துப் புகார் எண் பெற வேண்டும். தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். ஏற்கெனவே இணைப்பு உள்ளவர்கள் இந்த வழியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். எனக்குக் கூடுதலாக வாங்கிய கட்டணம் இப்படித்தான் திரும்பி வந்தது. ஆனால் புது இணைப்பு மறுக்கப்பட்டவர் சந்தாதாரரே அல்லவே! அவர் எந்த எண்ணைச் சொல்லி எங்கே முறையிடுவார்? விதி அவரைக் காணவே இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். எந்த நிறுவனமானாலும், அந்த ஊராட்சி எல்லைக்குள் ஒரு விண்ணப்பத்தை மறுத்தால், விண்ணப்பித்த நாள், இடம், பக்கத்துப் பெட்டிக்கு உள்ள தூரம், மறுத்த காரணம் ஆகியவற்றை அதில் பதிய வேண்டும் என்று விதி செய்யட்டும். விண்ணப்பித்தவருக்கு ஒரு எண் கொடுக்கட்டும். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம். தேவை எங்கே இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். பத்து வீடு எங்கே சேர்ந்திருக்கிறது என்பது நிறுவனத்துக்கும் தெரியும். அவர்களுக்கும் அது வியாபாரம்தானே.

விதி வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இட்டேரி நெடுக நடந்து வீடு வீடாகக் கேட்டேன். பதினோரு வீட்டில் ஒன்பது வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் வயதான தம்பதியர், வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு தாளில் பெயர், சர்வே எண், வீட்டுக்கு அருகில் உள்ள மின்கம்பத்தின் எண், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பது ஆகியவற்றை எழுதினோம். கம்பத்தின் எண் முக்கியம். அளவெடுக்க வருபவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். இந்த மனுவைத் தனித்தனியாக மூன்று நிறுவனங்களுக்குக் கொடுத்தோம். ஊரில் கேபிள் டி.வி. நடத்துபவருக்கும் ஒரு நகல் கொடுத்தோம், ஏனென்றால் பல ஊர்களில் கடைசிக் கம்பியை இழுப்பவர் அவர்தான். கிராம சபையிலும் வைத்துத் தீர்மானமாக எழுதச் செய்தோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கோடு இதையும் பேசலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது ஒரு பதிவு. இப்போதைக்கு நமக்கு உள்ள ஒரே பதிவேடு அதுதான்.

என்ன வேகம் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். விற்க வருபவர்கள் 300 மெகாபிட் என்பார்கள். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்காரரின் பதிவு வேலைகள், மாட்டுக் கொட்டகையில் ஒரு கேமரா, மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவி ஆகிய எல்லாவற்றுக்கும் 20, 30 மெகாபிட் தாராளம். அனுப்பும் வேகம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கண்ணாடி இழையும் நின்றுவிடும் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. வீட்டில் வைக்கும் கருவி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. சிறு பேட்டரிப் பெட்டி ஒன்று வைத்தால் சில மணி நேரம் தாங்கும். தாமிரக் கம்பியில் இடி இறங்கி மோடம் எரிந்த அனுபவம் பலருக்கு உண்டு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மேலே தொங்கும் கேபிளில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஒன்று இருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டு வராமல் வெளிச்சுவரிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கோபுரத்திலிருந்து கம்பியில்லாமல் தரும் வீட்டு இணைப்புகள் இப்போது வந்துள்ளன. நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. கோபுரம் பக்கத்தில் இருந்து, நடுவே மறைப்பு இல்லாமல் இருந்தால் நல்லதுதான். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் வீட்டில் எச்சரிக்கை தேவை. ஓலையும் அதில் உள்ள ஈரமும் சமிக்ஞையை உறிஞ்சிவிடும். கோடையில் வேலை செய்தது ஐப்பசி மழையில் படுத்துவிடும். ஆண்டுக் கட்டணம் கட்டுமுன் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இழை வந்த ஊர்களில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழாய் பதிக்கவும் வாய்க்கால் தூர்வாரவும் பொக்லைன் வைத்துத் தோண்டும்போது இழை அறுந்துபோவது அடிக்கடி நடக்கிறது. தோண்டுமுன் தெரிவிப்பதற்கென்றே 2023-ல் மத்திய அரசு ஒரு செயலி வெளியிட்டிருக்கிறது. செயலி இல்லாவிட்டாலும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தோண்டினால், பத்து ஊர் இருண்டு போகாமல் இருக்கும்.

எங்கள் துறையின் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித்தான் அது தஞ்சையில் பரவியது; 'வானொலி நெல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஒரு சிறு வானொலிப் பெட்டி போதும். கேட்பவர் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே குரல்தான். இன்று நாங்கள் இருபது நிமிட வீடியோ எடுக்கிறோம். முதல் மூன்று நிமிடம் வரவேற்புரை. பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வேகத்தில் அது நன்றாகவே ஓடும். தோட்டத்தில் அது சுற்றிச் சுற்றி நிற்பதை எங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? என் மாணவர்களிடம் இப்போது, இரண்டு நிமிட ஒலிப்பதிவும் ஒரு தெளிவான படமும் போதும் என்று சொல்லி வருகிறேன். கம்பி வரும் வரையாவது நாங்கள் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் மனுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்து மாதம் கழித்து, மூன்று நிறுவனங்களில் ஒன்று ஆள் அனுப்பியது. ஊரிலிருந்து ஆறு வீடு வரை இழை வந்துவிட்டது. பெரியப்பா வீட்டில் பேத்தி கால்நடை மருத்துவரிடம் கன்றைக் காட்டி யோசனை கேட்டதை அவரே வந்து என்னிடம் சொன்னார். அதற்கு அப்பால் ஒரு ஓடை குறுக்கிடுகிறது. ஓடைக்கு அக்கரையில் கம்பம் சாய்ந்து கிடப்பதால் மேற்கொண்டு இழுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். மீதி மூன்று வீடு அக்கரையில் இருக்கின்றன; அதில் எங்கள் வீடும் ஒன்று. இரண்டு கம்பம் நட்டால் போதும். கம்பத்துக்காக மின்வாரியத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள்.